பி.டி. பாக்டீரியாவைப் பிண்ணாக்குத் தண்ணீரில் பெருக்கலாமா?

ஓசூர்ப் பக்கம் முட்டைக்கோசு பயிரிடும் விவசாயிகள் குழு ஒன்று கேட்டிருக்கும் கேள்வி இது: "புழுவைக் கொல்லக் கடையில் வாங்கும் பி.டி. பொடி கட்டுப்படியாகவில்லை. பயிர் நோய்க்குத் தெளிக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை வெல்லத் தண்ணீரில் பெருக்குவதுபோல, ஒரு பாக்கெட் பி.டி.யை 200 லிட்டர் டிரம்மில் வெல்லம், கடலைப் பிண்ணாக்கு, கழுநீர், கொஞ்சம் தயிர் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளலாமா? பக்கத்துத் தோட்டத்தில் பட்டுப்புழுவுக்கான மல்பெரி இருக்கிறது. அதற்கு ஏதாவது ஆகுமா?"

டிரம் வேண்டாம். தயிர் வேண்டவே வேண்டாம். பிண்ணாக்கில் மட்டும் ஒரு தவறும் இல்லை. இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

பி.டி. என்று நாம் சுருக்கிச் சொல்வது பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவை. 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் செத்து விழுந்த பட்டுப்புழுக்களிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார். பத்தாண்டு கழித்து ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர், மாவில் விழும் அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து எடுத்து, துரிங்கியா என்ற பகுதியின் பெயரையே இதற்கு வைத்தார். பூச்சிக்கொல்லியாக இது கடைக்கு வந்தது 1938-இல், பிரான்சில். பட்டுப்புழு நோயாகத்தான் இது மனிதர் கண்ணில் முதலில் பட்டது என்பதை மறக்காதீர்கள். உங்கள் மல்பெரிக் கேள்விக்குக் கடைசியில் அது வேண்டும்.

இந்தப் பாக்டீரியாவின் குணம் விசித்திரமானது. உணவு தாராளமாகக் கிடைக்கும்வரை இது வெறும் குச்சி வடிவ உயிர். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். அந்த நிலையில் இதைக் கோசு இலையில் தெளித்தால் புழு அதையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும். உணவு தீர்ந்து பஞ்சம் வரும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. பஞ்சத்தைத் தாங்க ஒவ்வொரு செல்லும் தனக்குள் கெட்டியான ஓர் உறங்கும் வித்தை உருவாக்குகிறது. அந்த வித்துக்குப் பக்கத்திலேயே, அதே செல்லுக்குள், ஒரு புரதப் படிகத்தையும் கட்டுகிறது. பிறகு செல்லின் சுவர் கரைந்து வித்தும் படிகமும் வெளியே விழுகின்றன. புழுவைக் கொல்வது முக்கியமாக அந்தப் படிகம். புழுவின் நடுக்குடல் கடும் காரத்தன்மை உள்ளது. படிகம் அங்கே கரைகிறது, குடல் நொதிகள் அதை வெட்டிச் சிறிதாக்குகின்றன, அந்தத் துண்டு குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாளில் கருத்துத் தொங்கும். நம் வயிறு அமிலத்தன்மை உள்ளது, அந்தத் துண்டு ஒட்டுவதற்கான பிடிமானமும் நம் குடலில் இல்லை. அதனால் நமக்குப் பயம் இல்லை.

ஆகவே "பெருக்குவது" என்ற சொல்லே இங்கே பாதி உண்மைதான். நமக்கு வேண்டியது பெருகிய பாக்டீரியா அல்ல, பெருகிப் பசித்து வித்துக் கட்டிய பாக்டீரியா. சூடோமோனாஸ் வித்துக் கட்டுவதில்லை, அதில் உயிருள்ள செல்லே சரக்கு. (அதையும் வெல்லத் தண்ணீரில் பெருக்குவது பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. அது வேறு கதை.)

இனி தீனிக்கு வருவோம். இங்கேதான் நல்ல செய்தி. பி.டி. தீனியில் அடம்பிடிக்காத உயிர். புரதத்தை உடைக்கும் நொதிகளைத் தானே சுரந்து வெளியே விட்டு, உடைந்த துணுக்குகளை உறிஞ்சிக்கொள்ளும். பாக்டீரியா வளர்க்க ஆய்வகத்தில் வாங்கும் பெப்டோன் என்ற புரதத் தூளும் மாட்டிறைச்சிச் சாறும் கிலோ விலையில் கடலைப் பிண்ணாக்கைவிடப் பல மடங்கு. ஆனால் அவற்றிலிருந்து கிடைப்பதும் பிண்ணாக்கிலிருந்து கிடைப்பதும் பாக்டீரியாவுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். லிட்டருக்கு இருபதிலிருந்து முப்பது கிராம் சோயா மாவு அல்லது எண்ணெய் நன்றாகப் பிழிந்த கடலைப் பிண்ணாக்கு, ஐந்து முதல் பத்து கிராம் வெல்லம், சிட்டிகை மக்னீசியம் சல்பேட்டும் மாங்கனீசு சல்பேட்டும், அமிலத்தைத் தணிக்கக் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட். கார அமில நிலை (பி.எச்.) ஏழுக்கு அருகில், வெப்பம் 30 டிகிரி, நிறையக் காற்று, 48 முதல் 72 மணி நேரம். அவ்வளவே.

வெல்லத்தில் கை தாராளமாகிவிடக் கூடாது. சர்க்கரை அதிகமானால் பாக்டீரியா அவசரமாகத் தின்று அமிலத்தைக் கக்கும். கார அமில நிலை ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். நன்றாகப் போகும் தொகுதியில் முதல் சில மணி நேரம் அமிலம் ஏறும், பிறகு பாக்டீரியா தான் கக்கியதையே திரும்பத் தின்று புரதத்தையும் உடைக்க ஆரம்பிக்கும்போது காரம் ஏறி எட்டைத் தொடும். பி.எச். தாளை வைத்தே இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிடலாம். இறங்கியது ஏறவில்லையென்றால் ஏதோ கோளாறு. எண்ணெய் மிச்சம் உள்ள பிண்ணாக்கும் தொல்லைதான். எண்ணெய் படலம் காற்று கரைவதைத் தடுக்கும்.

மலிவான தீனியைத் தேடியவர்கள் உலகம் முழுக்க உண்டு. நைஜீரியாவில் 1980-களில் உள்ளூர்ப் பயறு வகைகளோடு இறைச்சிக்கூடத்தில் வீணாகும் மாட்டு ரத்தத்தைக் காயவைத்துச் சேர்த்து, கொசுப்புழுவைக் கொல்லும் இனத்தை வளர்த்தார்கள். சீனாவில் தவிட்டைத் தட்டில் பரப்பி வளர்த்தார்கள். கனடாவில் நகரக் கழிவுநீர்ச் சேற்றில்கூட வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், கொசுவுக்கான பி.டி. இனத்தைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கி நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அங்கே கோழிக்கடையில் குப்பைக்குப் போகும் இறகைக்கூட ஊடகமாக்கி வளர்த்துக் காட்டினார்கள். இறகு முழுக்கப் புரதம்தானே.

இவற்றிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது பெரு நாட்டுத் தேங்காய். லிமாவில் உள்ள காயெட்டானோ எரேடியா பல்கலைக்கழகத்தின் பல்மிரா வென்டோசில்யா என்ற ஆராய்ச்சியாளர், நாட்டின் வடக்கே சலித்ரால் என்ற மலேரியாப் பகுதி ஊரில் செய்த வேலை அது. கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி. இனத்தை, அதாவது 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டெடுத்த இனத்தை, சிறு பஞ்சில் தோய்த்து ஊர் மக்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் முழுத் தேங்காயில் துளை போட்டுப் பஞ்சை உள்ளே தள்ளி, துளையைப் பஞ்சாலும் மெழுகாலும் அடைத்து, இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்தார்கள். பிறகு உடைத்துக் குட்டையில் போட்டார்கள். குட்டைக்கு இரண்டு மூன்று காய் போதும். ஆய்வகம் இல்லை, கண்ணாடிக் குடுவை இல்லை, மின்சாரம் இல்லை.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் "ஆமாம், இளநீரில் சத்து இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சத்து கழுநீரிலும் உண்டு. தேங்காயின் பெருமை அதன் ஓட்டில் இருக்கிறது. பழுதில்லாத தேங்காயின் உள்ளே வேறு எந்த நுண்ணுயிரும் கிடையாது. கடவுளே செய்து மூடிவைத்த, கிருமி நீக்கிய குடுவை அது. நீங்கள் உள்ளே விட்ட பாக்டீரியாவைத் தவிர அங்கே போட்டிக்கு ஆள் இல்லை. அந்த அம்மையார் தீர்த்து வைத்தது தீனிப் பிரச்சினையை அல்ல, சுத்தப் பிரச்சினையை. பி.டி. வளர்ப்பில் காசு தின்பதும் ஆளைத் தின்பதும் அந்த இரண்டாவதுதான்.

இப்போது உங்கள் டிரம்முக்கு வருகிறேன். மூடி திறந்த டிரம்மில் வெல்லமும் கழுநீரும் தயிரும் ஊற்றினால், முதலில் ஓடிவருவது தயிரில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியா. அவை காற்று இல்லாமலும் சுகமாக வாழும். ஒரே நாளில் டிரம் புளித்து கார அமில நிலை நான்குக்கு இறங்கிவிடும். பி.டி.க்கோ நிறையக் காற்று வேண்டும், புளிப்பு ஆகாது. பாக்கெட்டில் இருந்த வித்துகளில் பாதி முளைக்காது, முளைத்தவை புளிப்பில் மாட்டி நிற்கும். மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று பம்பு 200 லிட்டருக்கு எந்த மூலைக்கு? தயிரை விட்டுவிட்டுப் பிண்ணாக்கைக் கொதிக்கவைத்து ஊற்றினாலும் கதை பெரிதாக மாறாது. பிண்ணாக்கிலும் பயறிலும் தவிட்டிலும் ஏற்கெனவே வேறு பேசில்லஸ் இனங்களின் வித்துகள் உறங்குகின்றன. கொதிநீரை அவை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. ஆறியதும் முதலில் விழித்துக்கொள்வது அவைதான்.

பிறகு ஏன் டிரம் சரக்கு "வேலை செய்கிறது" என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள்? நீங்கள் போட்ட பாக்கெட்டில் இருந்த படிகங்கள் டிரம்மில் அப்படியே மிதக்கின்றன, அவைதான் காரணம். அரைக் கிலோ போட்டீர்கள், அரைக் கிலோவின் படிகம்தான் திரும்பக் கிடைக்கிறது. அதை ஒரு ஏக்கருக்குப் பதிலாக ஐந்து ஏக்கருக்குத் தெளித்தால் ஐந்தில் ஒரு பங்கு மருந்து. சின்னப் புழு சாகும், பெரியது பிழைக்கும். கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி இந்த விஷயத்தில் சாமான்யமானதல்ல. வயல்வெளியில் பி.டி.க்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்ட முதல் பூச்சியே அதுதான், ஹவாய்த் தீவுகளில், 1990-இல் பதிவானது.

இன்னொன்றும் உண்டு. பி.டி.யின் நெருங்கிய உறவினர் பேசில்லஸ் சீரியஸ், பழைய சோற்றில் வளர்ந்து வாந்தி பேதி கொடுப்பது. தட்டில் வளர்த்துப் பார்த்தால் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. கோசு பச்சையாகச் சாலட்டில் போகும் காய். திறந்த டிரம்மில் என்ன வளர்ந்தது என்று தெரியாமல் அதை இலையில் தெளிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரேசிலில் பெரிய பண்ணைகளே இப்படித் தாமாகப் பெருக்கிக்கொள்கின்றன. அந்தக் கலவைகளைச் சோதித்தபோது, இருக்க வேண்டிய பாக்டீரியா காணாமல் போய் மனிதக் குடலில் வாழும் வகைகள் மண்டிக் கிடந்ததாகத் தெரியவந்தது.

சுத்தம் காத்தும் ஏமாறலாம். நான் ஏமாந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், சின்ன உயிரியல் மருந்துக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு கோடையில் மின்வெட்டு அதிகம். வளர்ப்புப் பெட்டி சில நாள் நாற்பது டிகிரிக்கு மேல் போய்வந்தது. தாய் வளர்ப்பை, அதாவது ஒவ்வொரு தொகுதிக்கும் விதையாகப் போடும் பாக்டீரியாவை, குழாய்க்குக் குழாய் மாற்றி மாற்றி ஒரு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தொகுதிபோல் அழகான தொகுதி அதற்கு முன் வந்ததில்லை. மில்லி லிட்டருக்குப் பல கோடி வித்து, வேறு கிருமியே இல்லை. தெளித்த கோசில் புழு தின்று, கொழுத்து, கூட்டுப்புழுவாகி, அந்தாகிப் பறந்துபோயிற்று. பிறகுதான் நுண்ணோக்கியில் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். வித்துகள் பளபளவென்று இருந்தன. படிகம் ஒன்றுகூட இல்லை.

படிகத்துக்கான மரபணுக்கள் பாக்டீரியாவின் முதன்மைக் குரோமோசோமில் இல்லாமல், பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்களில் இருக்கின்றன. அதிக வெப்பத்தில், ஓயாமல் வளர்க்கப்படும்போது, அந்த வளையம் உதிர்ந்துபோகலாம். சுமை குறைந்தவன் வேகமாக ஓடுவான் அல்லவா, வளையம் இழந்த செல்கள்தான் மற்றவற்றை முந்திப் பெருகும். படிகம் இழந்த பி.டி.யும் பேசில்லஸ் சீரியஸும் பார்வைக்கு ஒன்றே. வித்து எண்ணிக்கையை மட்டும் பார்த்த எங்கள் புத்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தாய் வளர்ப்பை வித்தாக்கிக் காயவைத்துக் குளிரில் வைப்பேன். அதிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் ஓட்டுவதில்லை.

குழுவாக நீங்கள் உண்மையிலேயே தயாரிக்க நினைத்தால் நான் சொல்லக்கூடிய வழி திரவம் அல்ல, தவிடு. தண்ணீரில் காற்றை அடித்து அடித்துக் கரைக்க வேண்டும். ஈரத் தவிட்டின் இடுக்குகளில் காற்று தானாக நிற்கும். கோதுமைத் தவிட்டோடு பத்தில் ஒரு பங்கு சோயா மாவு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஆனால் தண்ணீர் சொட்டாத அளவு ஈரம். பொட்டலமாகக் கட்டிப் பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்த பிறகு முக்கால் மணி நேரம். வீட்டுக் குக்கரே ஏறக்குறைய 120 டிகிரியைத் தொடும், வித்துகளைக் கொல்ல அதுதான் வேண்டும். ஆறியதும், தனியாகச் சிறு குடுவையில் ஒரு நாள் வளர்த்த சுத்தமான தாய் வளர்ப்பைப் பத்தில் ஒரு பங்கு கலந்து, கொதிநீரில் கழுவிய தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மிகாமல் பரப்பி, சுத்தமான தாளால் மூட வேண்டும். அதற்கு மேல் உயரம் போனால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். மூன்றாம் நாள் மெல்லக் காயவைத்து அரைத்துக்கொள்ளலாம். வெயிலில் காயவைக்கக் கூடாது, புற ஊதாக் கதிர் வித்தையும் படிகத்தையும் கெடுக்கும்.

தாய் வளர்ப்பைக் கடைப் பாக்கெட்டிலிருந்தோ, வயலில் செத்த புழுவிலிருந்தோ எடுக்காதீர்கள். காட்டு இனங்களில் சில, சூட்டுக்கும் அடங்காத வேறொரு நச்சைச் சுரக்கும். அது பாலூட்டிகளுக்கும் ஆகாது, விற்பனைக்கு வரும் பி.டி.யில் அது இருக்கவே கூடாது. வேளாண் பல்கலைக்கழகத்திலோ, சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலோ அடையாளம் உறுதிசெய்த, கோசுப் புழுவுக்கான குர்ஸ்டாகி என்ற பி.டி. இனத்தைக் கேட்டு வாங்குங்கள். கொசுவுக்கான இனம் கோசுப் புழுவுக்கு உதவாது.

தயாரித்ததைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், புழு போதும். ஒரே அளவுள்ள சின்னப் புழுக்களைப் பிடித்து வாருங்கள். உங்கள் கரைசலைப் பல மடங்குகளில் நீர்த்து, ஒவ்வொன்றிலும் கோசு இலை வட்டங்களை நனைத்து உலர்த்தி, டப்பாவுக்குப் பத்துப் புழு வீதம் விடுங்கள். அதேபோல் கடைப் பொடியில் நனைத்தது சில டப்பா, வெறும் தண்ணீரில் நனைத்தது சில டப்பா. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் எண்ணுங்கள். தண்ணீர் டப்பாவிலேயே பத்தில் இரண்டு செத்தால் அந்தச் சோதனை செல்லாது, திரும்பச் செய்ய வேண்டும். கடைப் பொடியை எத்தனை மடங்கு நீர்த்தபோது பாதிப் புழு செத்ததோ, உங்களுடையதும் அதே மடங்கில் பாதியைக் கொல்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன. வித்து எண்ணிக்கை வீரியத்தைச் சொல்லாது என்று தெரிந்துதான், உலக அளவில் ஒப்பீட்டுப் பொடி ஒன்றை வைத்துக்கொண்டு புழுச் சாவைக் கணக்கிட்டு அலகு போட்டார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தச் சோதனையைச் செய்ய உங்களில் ஒருவர் தயாராக இல்லையென்றால் தயாரிப்பில் இறங்காதீர்கள்.

குழுவுக்குள் முயல்வது ஒன்று, பாக்கெட் போட்டு விற்பது வேறு. விற்பனைக்கு 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு கட்டாயம்.

என் சொந்தக் கணக்கைக் கேட்டால், பத்து ஏக்கர் கோசுக்கு நல்ல பொடி வாங்குவதே மிச்சம். வாங்கிய பொடியில் பெரும்பகுதியை நாம் வெயிலுக்குத்தான் கொடுக்கிறோம். காலை பத்து மணிக்குத் தெளிப்பதும், புழு விரல் கனம் ஆன பிறகு தெளிப்பதும், இலையின் மேல்பக்கம் மட்டும் நனைப்பதும் காசைக் கரைக்கும் வழிகள். பி.டி. தொட்டால் கொல்லாது, தின்றால்தான் கொல்லும். மாலை ஐந்துக்கு மேல், புழு குஞ்சாக இருக்கும்போது, இலையின் அடிப்பக்கம் நனைய, மெழுகு இலையில் வழியாமல் இருக்க ஒட்டும் திரவம் சேர்த்து, கலக்கிய அன்றே தெளித்து முடித்தால் இப்போது வாங்குவதில் ஒரு பகுதி மிஞ்சும் என்று நினைக்கிறேன். கைத்தயாரிப்பில்தான் ஆசை என்றால், பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பு இல்லாத இடத்தில், அரிசி நொய்யில் வளர்க்கும் மெட்டாரைசியம், பிவேரியா என்ற பூச்சிகொல்லிப் பூஞ்சைகளில் ஆரம்பியுங்கள். அவற்றிலும் சுத்தம் வேண்டும், ஆனால் தவறினால் வேறு நிறப் பூசணமாகப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மல்பெரி விஷயம். முட்டைக்கோசுப் புழுவுக்கான குர்ஸ்டாகி பட்டுப்புழுவையும் கொல்லும். காற்றில் நாலு துளி மல்பெரி இலையில் விழுந்து, அந்த இலை புழு வளர்ப்பு மனைக்குள் போனால் ஒரு தொகுதிப் புழுவே போய்விடலாம். தவிடு காயவைப்பதும் அரைப்பதும் இன்னும் ஆபத்து, பொடி பறக்கும். பக்கத்துத் தோட்டக்காரரின் மனை பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் தயாரிப்பு வேலையை அங்கே வைக்கவே வேண்டாம். தெளிப்பதானால், அவர் இலை பறித்து முடித்துவிட்டாரா, அடுத்து எப்போது பறிப்பார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவரிடமே கேட்டுவிட்டு டேங்கைத் தோளில் மாட்டுங்கள்.